இரண்டு பேருக்கான கூடாரம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முழுவதும் கீழ்வரிசைப் பல் செட். ஒரு அச்சு மட்டும் உட்காரவே இல்லை. மெழுகை உருக்கி உருக்கி விரல் நுனியெல்லாம் எரிகிறது. இந்த வேலையில் ஒரு வேடிக்கை: ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லால் சிரிக்கிறார்கள், ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சைக்கிள் குழுவிலிருந்து போன். கடற்கரைப் பயணம் பதினான்காம் தேதியாம். மேடில்லாத சாலை, முதல்முறை வருகிறவர்களுக்கென்றே வைத்தது, இரவு கடற்கரையில் கூடாரம், மறுநாள் திரும்புவது. நானும் என் வீட்டுக்காரரும் ஜனவரியில் சேர்ந்து பெயர் கொடுத்தோம். மார்ச்சில் அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பயணத்தைச் சுத்தமாக மறந்திருந்தேன்.

"ரெண்டு பேரும் வர்றீங்கதானே?" என்று கேட்டாள் போனில் பேசிய பெண். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். ஒருத்திதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பும்போது குப்பைத்தொட்டியில் மோதினேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 11, புதன்

தம்பி போன் செய்தான். தனியா போய் என்னக்கா பண்ணப் போற என்றான். வீட்ல இருந்தாலும் தனியாத்தானேடா இருக்கேன் என்றேன். தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஜூன் 14, சனி — கூடாரத்தில்

அவர் வந்திருந்தார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் எல்லோரும் கூடியிருந்தோம். சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகுதான் யாரென்று தெரிந்தது. தாடி விட்டிருக்கிறார்.

"நீ வரமாட்டேன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. குழுவை நடத்துகிற பெண்ணை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். கணவன் மனைவிக்கு ஒரே கூடாரம் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் முன்வரிசையில் போய்விட்டார். நான் கடைசியில். என் பக்கத்தில் பேக்கரி நடத்துகிற ஒரு அக்கா, என்னைவிட மோசமாக மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் மாவு பிசையற கைக்காரி. சைக்கிள் வாங்கின சேதி காலுக்கு இன்னும் போய்ச் சேரல" என்றார். பல நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். சமநிலை தப்பி இறங்கவே வேண்டியதாயிற்று.

மதியத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து எதிர்காற்று. சேற்றில் மிதிப்பதுபோல் இருந்தது. அக்கா வெட்கப்படாமல் பின்னால் வந்த குழு வேனில் ஏறிக்கொண்டார். நான் மாட்டேன் என்றேன் — என்ன வீம்போ. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மிதிக்கிறேன், முன்னால் ஒரு சைக்கிள் மெதுவாகி மெதுவாகி எனக்கு நேரே வந்து நின்றாற்போல் ஆயிற்று. அவர். காற்று சட்டென்று இல்லாமல் போனது. அவர் முதுகு அதை வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தளர்ந்தால் அவரும் தளர்ந்தார். எப்படித் தெரிந்தது? என் மூச்சைக் கேட்டிருப்பார். அந்த முதுகை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது. அழுதேன். முன்னால் போகிறவருக்கு அது தெரியாதே.

கடல் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நானும் அவரும் மணலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். கேட்டுவிட்டேன். வேறென்ன செய்ய? "திரும்பி வந்துடுங்களேன்."

அவர் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார். "எதிர்காத்துல உனக்கு முன்னாடி போறது எனக்குக் கஷ்டமே இல்ல. வீட்டுக்குள்ள உன்கூட சும்மா உட்கார்றதுதான் முடியல. உன்மேல குறை ஒண்ணும் இல்ல. ஆனா முடியல."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். குறை இல்லை என்றால் நான் எதைத் திருத்திக்கொள்வது?

அவர் போர்வையை எடுத்துக்கொண்டு வேனில் படுக்கப் போய்விட்டார். இரண்டு பேருக்கான கூடாரத்தில் ஒருத்தி எவ்வளவு இடத்தை அடைக்க முடியும்? மூலையில் சுருண்டு கிடந்தேன். அப்போது பேக்கரி அக்கா துணியை விலக்கித் தலையை நீட்டினார். தன் கூடாரத்துப் பெண் தூக்கத்தில் உதைக்கிறாளாம், இங்கே இடம் இருக்கா என்றார். உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை. படுத்தவுடன் குறட்டை. டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் முழங்கால்வரை கடலில் நின்றேன். திரும்பும்போது காற்று முதுகில். யாருடைய மறைவும் தேவைப்படவில்லை. நான் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டிருந்தார். போயிட்டு வர்றேன்னு சொல்லச் சொன்னார் என்றாள் கேப்டன். போயிட்டு வர்றேனாம்.

ஜூன் 16, திங்கள்

முட்டி வலிக்கிறது. மெழுகு அடுப்பு முன்னால் அழுகை வந்தது. முதலாளி பார்த்துவிட்டு, புகை ஜாஸ்தியா இருக்கா என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று சாயங்காலம்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரரிடம் "ஒண்ணு" என்றபோது தொண்டை கரகரத்தது.

ஜூலை 5, சனி

பேக்கரி அக்கா போன். நாளைக்குச் சின்னதாய் ஒரு சுற்று போகலாமா என்றார். காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

காய்ச்சல்காரிக்கு ரொட்டி கொண்டு வந்து வாசலில் நிற்கிறார் அந்த அக்கா. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் எங்க?"

"போயிடுச்சு."

"அப்ப செருப்பப் போடு."

பாலம்வரை போய்வந்தோம். ரொட்டியை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டோம்.

ஜூலை 19, சனி

நாளையும் போகிறோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவர் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா, கொஞ்சம் பேசணும் என்றார்.

"ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேன். நாங்க ஏரிக்குப் போறோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாங்க."

"நாங்கன்னா யாரு?" என்றார்.

சொன்னேன். சரி, செவ்வாய் வர்றேன் என்று வைத்துவிட்டார்.

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது — என்ன பேசணும் என்று நான் கேட்கவே இல்லை.