லிஃப்டில் மாட்டிய அட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

குறைந்த விலை கேட்ட கம்பெனிக்கு எங்கள் கட்டடப் பராமரிப்பு கைமாறிவிட்டது. லிஃப்ட் கம்பி இழை இழையாகப் பிரிகிறது, மாற்றுங்கள் என்றேன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும், நீ சோதனை அட்டையில கையெழுத்தைப் போடு" என்றார் சூப்பர்வைசர். போடவில்லை. லிஃப்டை நிறுத்தினேன், திரும்ப ஓடவிட்டார்கள். நேற்றுப் பார்த்தால் அட்டையில் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.

கவலைப்படாதீர்கள், நான் பதினாலு மாடியும் படியேறித்தான் போகிறேன். நீங்கள் தேய்க்கும் தைலத்தில் ஒரு பாட்டில் அனுப்புங்கள். என் பழைய கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள். என் கையெழுத்து எது என்று யாராவது கேட்டு வரலாம்.

பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம். லிஃப்ட் வாசலில் போய் நிற்க வேண்டும்.

உங்கள் மகன்