மேடையில் கூப்பிட ஒரு பெயர்

நீ விட்டுப்போன கல்லில் என் மகள், பர்மாப் பெண்கள் சந்தனம்போல் முகத்தில் பூசும் தனக்காக் கட்டையை இழைத்துக்கொண்டிருக்கிறாள். ஈர மரப்பட்டையின் அந்தக் குளிர்ந்த வாசனை கூடத்துக்கு வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மேல்மாடியிலிருந்து நீ இறங்கி வருகிறாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நீ கண்ணை மூடிய செய்தி வந்தே இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. மேடையில் பாடப் போகிறாள். "என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும்னு டீச்சர் கேட்டாங்கம்மா. வீட்டுப் பேரா, பள்ளிக்கூடத்துல வச்ச பர்மாப் பேரா?" என்றாள். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உனக்கும் இரண்டு பெயர். இரண்டையுமே இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பெயர் உன்னை என்ன செய்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், இதே மரவீட்டில் மேலே நீயும் உன் அம்மாவும், கீழே நாங்கள். அம்மா வைத்த தமிழ்ப் பெயர் வீட்டுக்குள் மட்டும். வெளியே, நீ பாடி ஆடிய கூத்துக் கம்பெனியின் முதலாளி வைத்த பர்மியப் பெயர். கூத்து உள்ள நாளில் பொழுது சாயும்போது கம்பெனியின் சைக்கா, பக்கவாட்டில் இருக்கை கட்டிய அந்தச் சைக்கிள் வண்டி, வாசலில் வந்து மணியடிக்கும். முகமெல்லாம் தனக்கா பூசி, கொண்டையில் பூவோடு நீ இறங்குவாய்.

"எப்படி இருக்கேன் கணக்குப்புள்ள?" என்பாய். வீட்டுச் செலவை அன்றன்றைக்கு எழுதி வைப்பேன் என்பதற்காக நீ எனக்கு வைத்த பெயர் அது.

"செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்க."

"அடிச்சாத்தானடி வீடு விலைபோகும்!"

வேதாகமத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுத்துக் கற்றவள் நான். பாட்டென்றால் எனக்குக் கோயிலில் பாடும் கீர்த்தனைதான். ஆனாலும் நீ மேலே ஒத்திகை பார்க்கும்போது ஜெபத்தின் நடுவே என் காது மாடி ஏறிவிடும். பர்மியப் பாட்டு அந்த நாட்டுப் பெண்ணுக்கு வருவதுபோல உனக்கு வந்தது. ஊரும் உன்னை அந்த நாட்டுப் பெண் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

நம் ஆட்களுக்கோ நீ "ஆடப் போனவள்". குழாயடியில் உன் அம்மாவைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ராணுவம் ஆட்சிக்கு வந்து, நம் கடைப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கிய பிறகுதான் தமிழ்ச் சங்கத்தாருக்கு உன் நினைவு வந்தது. பர்மாவில் கலை வளர்த்த தமிழர்களுக்கு விழா எடுக்கத் தீர்மானித்தார்கள். ஒரு நாயனக்காரர், ஓர் ஆர்மோனியக்காரர், நாடகத் திரை எழுதும் ஓவியர், பிறகு நீ. "கறுத்த தோலுக்கு இந்த ஊர்ல எவன் மாலை போடப் போறான்? நாமளே போட்டுக்குவோம்" என்றாராம் தலைவர். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

நீ சந்தைக்குப் போயிருந்தபோது அவர்கள் வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு மாடி ஏறினார்கள். உன் அம்மா என்னைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கும்போதே அழுதாள். நீ வந்து தட்டைப் பார்த்தாய்.

"வாங்கிட்டியாம்மா?"

"வாங்காம? நம்ம சனம் வாசப்படி ஏறி வந்துருக்குடி. உன்ன நம்ம பொண்ணுங்கறாங்க."

"அதான்மா பயமா இருக்கு. கம்பெனில முதலாளி ஒருத்தருக்குத்தான் நான் யாருன்னு தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா எவன் டிக்கெட்டு வாங்குவான்?"

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பினால் அதைவிட அவமானம் அவர்களுக்கு வேறில்லை. அது உனக்கும் தெரியும். அதனால் நாம் இருவரும் தலைவர் வீட்டுக்குப் போனோம்.

"பேர மட்டும் விட்டுருங்கய்யா. சும்மா சால்வை போத்தினாப் போதும்."

"பேரில்லாம யாருக்கும்மா போத்துறது, தூணுக்கா?" என்று சிரித்தார். "நீ எதுக்குப் பயப்படற? உங்க முதலாளியவே முன்வரிசைல உக்கார வைக்கிறோம். உனக்கும் மரியாதை, அவருக்கும் மரியாதை."

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்போம்.

விழாவன்று மாலை நீ வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாய். "பூசிக்கலையா?" என்றேன்.

"நம்ம சனம் கூப்பிடுது. நம்ம மூஞ்சியோடயே போறேன். நீ உன் சாமிகிட்டச் சொல்லிவை."

ஒலிபெருக்கியில் தலைவர் உன் தமிழ்ப் பெயரைச் சொன்னார். அப்பா பெயரை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரைச் சொன்னார். "பர்மாக்காரங்களே பர்மாக்காரின்னு நம்பிக் கேக்குறாங்களே, அது நம்ம வீட்டுக் குரல்!" என்றார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. முதலாளியும் தட்டினார். அவர் கூட்டி வந்திருந்த இருவர், வெளியூர்களில் கூத்துக்கு முன்பணம் கட்டுகிறவர்கள், தட்டவில்லை. நான் அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மற்றவர் பக்கம் சாய்ந்து, "கலாமா" என்றார். இந்தியப் பெண்களை அப்படித்தானே இளக்காரமாகச் சொல்வார்கள். மேடையில் நீ சால்வைக்குள் சிரித்துக்கொண்டு நின்றாய். அப்படி ஒரு சிரிப்பை நான் உன்னிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. எழுந்து நான் என்ன செய்ய முடியும்? இருந்த இடத்திலேயே ஜெபித்தேன்.

அடுத்த கூத்துக்குச் சைக்கா வரவில்லை. தனக்காவும் பூவுமாக நீ கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாய். தெருமுனையில் மணி கேட்டது. "வந்துட்டான்" என்று எழுந்தாய். அது நம் வாசலைத் தாண்டிப் போயிற்று. நான் தேநீர் கொண்டுவந்தபோது, "காஞ்சு போய் மூஞ்சி இழுக்குதுடி" என்று மட்டும் சொன்னாய். முதலாளியைப் போய்ப் பார்த்தாய். அவரும் கோபிக்கவில்லை. உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, "ஊர்க்காரங்க முன்பணத்தத் திருப்பிக் கேக்குறாங்க. நான் என்ன பண்ணட்டும் மகளே?" என்றாராம்.

பிறகு, நம் ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிப்போன கப்பல். "அங்க எதுக்கு இது?" என்று கல்லை என் கையில் வைத்துவிட்டுப் போனாய். சால்வையை அம்மா விடாமல் மடியில் வைத்திருந்தாள். மதராஸ் பக்கத்து முகாமிலிருந்து உன் கடிதம் ஒன்றே ஒன்று வந்தது. "இங்க என்னைப் பர்மாக்காரின்னு கூப்பிடறாங்க கணக்குப்புள்ள. பாடச் சொல்லி யாரும் கேக்கல." அதற்கடுத்து வந்தது உன் அம்மா யாரிடமோ சொல்லி எழுதியது. காய்ச்சல் என்று இருந்தது.

சைக்கா மணி கேட்டால் இன்றும் என் கால் வாசலுக்குப் போகிறது. ஜெபத்தில் உன் இரண்டு பெயரையும் சொல்கிறேன். எந்தப் பெயருக்கு நீ திரும்பிப் பார்ப்பாய் என்று தெரியவில்லை.

இதோ, மகள் ஒரு கன்னத்தில் பூசிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறாள்.

"இன்னும் சொல்லலியேம்மா."

"உனக்கு எது பிடிக்கும்?"

"எந்தப் பேருக்குக் கைதட்டுவாங்களோ, அது."

கைதட்டத்தான் செய்வார்கள். எந்தப் பெயருக்கும் தட்டுவார்கள். அவளைப் பக்கத்தில் இழுத்து, மற்றக் கன்னத்துக்கு நானே பூசிவிட்டேன். முதலில் பூசியது அதற்குள் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெயரை நான் இன்னும் சொல்லவில்லை.