வயிற்றில் ஒரு ஜன்னல்

சென்னைப் பட்டணம்
4-5-1936

பிரியமுள்ள சாலம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் சென்னிமலை எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். மயிலைக் காளை குத்திக் கிழித்த புண் ஆறிவிட்டது. ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவில்லை. தக்கை வைத்துத் துணி சுற்றிக்கொள்கிறேன்.

இங்கே ஆஸ்பத்திரி டாக்டருக்கு அந்த ஓட்டை புதையல் கிடைத்த மாதிரி. அதன் வழியாக ரப்பர் பலூனை இரைப்பைக்குள் விட்டு ஊதுகிறார். பசியில் வயிறு பிசையும்போதெல்லாம் ஓர் ஊசி, புகைக்கரி பூசிய காகிதத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடு கிழிக்கிறது. பிறகு மெல்லிய குழாயில் குடலுக்குள் உருக்கிய நெய் விடுகிறார். நாக்குக்கு ருசி இல்லை, மூக்குக்கு மணம் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் பசி போய்விடுகிறது, கோடு படுத்துவிடுகிறது. தண்ணீர் விட்டால் அப்படி ஆவதில்லை. குடலில் உள்ள நரம்பு கொழுப்பை அறிந்து இரைப்பைக்குச் சேதி சொல்கிறதாம்.

சோதனை முடிந்தால்தான் ஓட்டையைத் தைப்பாராம். பங்குனியில் முடியும் என்றார், சித்திரையும் போகப் போகிறது. தைக்காமல் வந்தால் ஏர் பிடிக்க முடியாது. மேழியை அழுத்தினால் தக்கை தெறித்துவிடும். கட்டுத்தறி மாடாகக் கிடக்கிறேன் சாலா.

உன்
சென்னிமலை

எருமப்பட்டி
19-5-1936

மாமாவுக்குச் சாலம்மாள் கும்பிட்டு எழுதுவது.

உங்க கடுதாசி படித்து முதலில் அழுதேனுங்க, அப்புறம் கோபம் வந்தது. நல்லா இருக்குதே நியாயம்! உங்க வயிறு ஒழுங்காகச் சேதி சொல்கிற வரைக்கும் அவர் எதற்குத் தைக்கப் போகிறார்? சொல்லாமல் போனால்தான் விடுவார்.

உங்க சித்தப்பா மகன் மாரியப்பனிடம், நெய் விட்டுப் பிடித்த எள்ளுருண்டை பத்துக் கொடுத்தனுப்புகிறேன். சோதனைக்கு முன்னாலேயே யாருக்கும் தெரியாமல் இரண்டைத் தின்றுவிடுங்க. வயிறு ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும். அவர் நெய் விட்டாலும் தண்ணீர் விட்டாலும் ஒன்றுதான். உதவாத வயிறு என்று தைத்து அனுப்பிவிடுவார்.

கடலைக்காட்டில் இன்னும் ஏர் இறங்கவில்லை. உங்க அண்ணனைக் கேட்டால், "எங்காட்டு வேலை முடியட்டும் அம்மிணி" என்று நாளைக் கடத்துகிறார். பொம்பளை ஏரைத் தொட்டால் மழை பெய்யாதாம். நான் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

சாலம்மாள்

சென்னைப் பட்டணம்
14-6-1936

சாலா,

உருண்டை வந்தது. ஏழு மாதத்துக்கு அப்புறம் நம் எருமை நெய்! இரண்டு தின்னச் சொன்னாய், நாலு தின்றேன்.

ஊசி அசையவே இல்லை. டாக்டர் பலூனைத் தட்டினார், மிஷினைத் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அப்புறம் குழாயை வைத்து உறிஞ்சினார் பார், கிண்ணத்தில் எள்ளும் நெய்யும் மிதந்தன. வயிற்றில் ஜன்னல் வைத்தவன் எதை ஒளிக்க முடியும்?

திட்டுவார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டார்! வாயால் தின்றாலும் இப்படி அடங்குகிறதே, இதையும் பார்க்கவேண்டும் என்று இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். ஆடி பிறப்பதற்குள் போடவேண்டும். போடாவிட்டால் தைக்காமலே அனுப்பிவிடுவாராம்.

போட்டால் இங்கேயே கிடந்து சாகவேண்டும். போடாமல் வந்தால் ஏர் பிடிக்காத ஆம்பளை என்று ஊர் சிரிக்கும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ சொல்.

சென்னிமலை

எருமப்பட்டி
3-7-1936

மாமா,

கையெழுத்துப் போடாதீங்க.

போன வாரம் புதன்கிழமை மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும், உங்களைக் குத்திய அந்த மயிலையையே பூட்டினேன். மேழியை நானே பிடித்தேன். தேர் பார்க்க வந்த மாதிரி ஊரே வரப்பில் நின்றது. உங்க அண்ணன், "என்ன காரியம் பண்றே அம்மிணி! ஊருக்கே மழை நின்னு போயிரும்" என்று கத்தினார். அன்றைக்குச் சாயங்காலமும் கொட்டியதுங்க.

முதல் உழவுச்சால் ஒரே கோணல். மூன்றாம் நாள் நேராகிவிட்டது. விதைக்கடலையும் போட்டாச்சு. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், அதனால்தான் எழுத்து இப்படிக் கிறுக்கலாக இருக்கிறது.

ஓட்டையோடே வாங்க. தக்கைக்குச் சுற்றப் பழைய சீலையைக் கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறேன். நான் உழுகிறேன், நீங்க பரண்மேல் உட்கார்ந்து காவல் இருங்க. சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் பஸ் வந்து நிற்கிற இடத்தில் வண்டியோடு நிற்பேன். மயிலையைத்தான் பூட்டி வாரேன், பயப்படாதீங்க.

சாலம்மாள்