ஆறு சிலிண்டருக்கும் வைத்த பொட்டு

மணிமங்கலம்,
10-11-91, ஞாயிறு.

மதிப்பிற்குரிய மெர்சி சிஸ்டர் அவர்களுக்கு, நர்சிங் ஹோமில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் என் வீட்டுக்காரி சசிரேகாவும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. கவர் மேல் இருந்த கோணல் எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிரித்த பிறகுதான் நீங்கள் இடது கையால் எழுதியது என்று புரிந்தது. உடனே பதில் போடவில்லை. நாலு நாள் ஆகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முனியம்மாள் நன்றாக இருக்கிறாள். தீப்பிடித்த அன்று வெந்த கையோடு அவளைக் கட்டிலோடு வராந்தாவுக்கு இழுத்து வந்தீர்களே, அது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. போன வாரம் இளைப்புக்கு மாத்திரை வாங்க வந்தவள், "அந்த சிஸ்டரம்மா எங்க பூட்சி, ஆளையே காணோம்" என்று கேட்டாள். நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். வார்டு சுவரில் கறுத்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டருக்கெல்லாம் சுவரோடு சங்கிலி போட்டாகிவிட்டது. காலி ஒரு பக்கம், ஃபுல் ஒரு பக்கம். ஊசி கொதிக்க வைக்கும் ஸ்டவ்வை சிலிண்டர் இருக்கும் அறையை விட்டே எடுத்துவிட்டார்கள். நீங்கள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் நீங்கள் போன பிறகு ஒரே நாளில் செய்தார்கள்.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு டூட்டிக்கு வந்தேன், அந்த எண்ணெய் என் கையில் இருந்திருக்கும், அதுதான் வால்வில் பட்டுப் பற்றிக்கொண்டது, தப்பு என்னுடையது, இனிமேல் இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் அனுப்பிய காகிதத்தில் 'என் கவனக்குறைவால் நடந்தது' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடப் போவதாகவும் இருந்தது.

கையெழுத்துப் போடாதீர்கள் சிஸ்டர். இந்தக் கடிதம் வருவதற்குள் போட்டிருந்தால், தபாலில் சேர்க்காதீர்கள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு என்னை ஸ்டோர் ரூம் வாசலில் நிறுத்தி, "ரகுபதிண்ணே, சிலிண்டருக்கு எண்ணெய், சந்தனம், சூடம் எதுவும் கூடாது, சொல்லிட்டேன்" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இந்தம்மா வேதக்காரங்க, நம்ம பூஜை இவங்களுக்குப் பிடிக்கலை, அதைத்தான் இப்படிச் சுற்றிச் சொல்றாங்க என்று எடுத்துக்கொண்டேன். தண்டலத்துப் பக்கம் ஸ்பிரிங் கம்பெனியில் பதினேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். பக்கத்து மெஷின் ஜோயலும் சர்ச்சுக்குப் போகிறவன்தான். அவனே ஆயுத பூஜை அன்று தன் மெஷினை எண்ணெய்த் துணியால் துடைத்து, பொட்டு வைக்க என்னிடம் விட்டுவிட்டு, பொரிகடலை வாங்கித் தின்பான். இவர்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

நீங்கள் காரணம் சொல்லவில்லை என்று இப்போது நான் தப்பிக்கவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தீர்கள். எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது, கிட்டே பீடி கூடாது, வால்வை மெல்லத் திறக்க வேண்டும், எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்றெல்லாம் சொன்னீர்கள். இரும்புக்கு எண்ணெய் ஆகாது என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் ஃபிட்டர் ரகுபதிக்கு ஏறுமா. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

பூஜை அன்று நீங்கள் பிரசவ அறையில் இருந்தீர்கள். நான் ஸ்டோர் ரூமைச் சாத்திக்கொண்டு ஆறு சிலிண்டரையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். வால்வு சாவி போட்டால் இறுக்கமாக இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. சிஸ்டருக்குக் கை வலிக்குமே என்று ஆறு வால்வின் வாயிலும் இரண்டு இரண்டு சொட்டு விட்டேன். சூடம் மட்டும் வாசலுக்கு வெளியே காட்டினேன். அந்த மட்டும் புத்தி இருந்தது. நீங்கள் பார்த்தால் கோபித்துக்கொள்வீர்கள் என்று சாயந்திரமே பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். எண்ணெய் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் முனியம்மாளுக்கு மூச்சு முட்டியபோது முதல் சிலிண்டரை உருட்டிக் கொண்டுவந்து வைத்ததும் நான்தான். நீங்கள் ரெகுலேட்டரை மாட்டி, பக்கவாட்டில் நின்று, மெல்லத்தான் திறந்தீர்கள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். நீங்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் நின்றதால் முகமும் கண்ணும் தப்பித்தன, கை தப்பவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை உங்களைச் சுட்டது. எண்ணெய் பட்டிருந்தால்தான் இப்படி ஆகும் என்று டாக்டர் வராந்தாவில் நின்று சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. அப்போது வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் கேளுங்கள். மீதி ஐந்து சிலிண்டரையும் யாரும் எடுக்கக் கூடாது என்று சாக்பீஸால் 'காலி' என்று எழுதி மூலையில் தள்ளினேன். இருப்பு இல்லை என்று டாக்டர் தாம்பரத்திலிருந்து வேறு வரவழைத்தார். இப்படியே பதினைந்து நாள் ஓட்டினேன். வேலைக்குப் போனேன், வந்தேன், போட்டதைத் தின்றேன். தட்டில் இருந்தது கறியா காயா என்று தெரியாது. அழுகை வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்தேன், இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன்.

கேஸ் நிரப்பும் பிளான்ட்டிலிருந்து காலி சிலிண்டர் எடுத்துப் போக வண்டி வந்தது. லோடு ஏற்றும் மாரியை உங்களுக்குத் தெரியும். சாவியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இன்னாண்ணா, காலின்னு எழுதிக்கீற, சத்தம் ஃபுல்லுன்னு சொல்லுது" என்றான். தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதை அவன் கொண்டுபோய் எவனோ ஒருத்தன் திறப்பான் என்று நினைத்தபோது நாக்கு புரளவில்லை. அவனிடம்தான் முதலில் சொன்னேன். தட்டிய சாவியைக் கீழே வைத்தான். "ஆக்சிஜன்ல எண்ணெ பட்டா நெருப்புக்குச்சியே வாணாம்ணா, தானா பத்திக்கும். சொல்லாம அனுப்சிருந்தா பிளான்ட்ல எங்காளு ஒருத்தன் பூட்ருப்பான்" என்றான். ஐந்துக்கும் சிவப்புத் துணி கட்டித் தனியாக ஏற்றிக்கொண்டு போனான். என்னைத் திட்டக்கூட இல்லை.

அன்றே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நர்ஸ் கவனக்குறைவு என்றால் ஒரு ஆளோடு போகும், ஸ்டோர் ரூமில் இப்படி நடந்தது என்றால் நர்சிங் ஹோம் பெயரே கெட்டுவிடும், சிஸ்டர் கையெழுத்து வந்தால் ஃபைலை மூடிவிடலாம், நீ பேசாமல் வேலையைப் பார் என்றார். பேசாமல் வேலையைப் பார்க்க நான் நன்றாகப் பழகியிருந்தேன். வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை சசிரேகாவிடம் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. இன்று காலை சோற்றை வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு தன் கையத் தானே சபிச்சிகினு கீது. நீ வூட்ல குந்திகினு துன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுந்து கை கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

வருகிற 25-ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வருகிறார். இங்கே எழுதியிருப்பதை அப்படியே அவரிடம் சொல்லப் போகிறேன். வேலை போகும், கேசும் வரலாம். வரட்டும். ஆனால் நான் மட்டும் சொன்னால், சிஸ்டருக்காகப் பாவம் பார்த்துப் பழியை ஏற்கிறான் என்று டாக்டர் சொல்லிவிடுவார். நீங்களும் எதிரே இருந்து, வேண்டாம் என்று இவனிடம் சொன்னேன், கேட்காமல் செய்தான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை.

உங்கள் கையில் எண்ணெய் இல்லை சிஸ்டர். இருந்திருந்தாலும், வால்வைத் தொடுவதற்கு முன் நீங்கள் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்ததை நான் பார்த்தேன். இதை மட்டுமாவது நம்புங்கள். மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் எந்த ஆஸ்பத்திரியிலாவது மறுபடி வெள்ளை உடுத்தி நிற்க வேண்டும்.

24-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி அங்கே பஸ் ஏறினால் திங்கள் காலையில் தாம்பரம் வந்துவிடலாம். விடியும்போதே நான் தாம்பரத்தில் நிற்பேன். என்னோடு பேச வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி நீங்கள் பாட்டுக்கு முன்னால் நடங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத
ரகுபதி