அப்பாவின் இடது தோள்

பிள்ளைப்பாக்கம்
14-12-1986

சிரஞ்சீவி மாசிலாமணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை காந்திமதியும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேளைக்குப் படுக்கிறோம், அதைத்தான் சுகம் என்று எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இது பனி கொட்டும் மாதம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கடிதமும் பேப்பரில் வந்த போட்டோவும் கிடைத்தன. இதயம், ரத்தக் குழாய் நோய்களை ஆராய்ந்ததற்காக நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய விஞ்ஞானிகள் இருவருக்கும் மெடல் போட்டு மரியாதை செய்யும் இடத்தில் நீயும் பின்வரிசையில் நிற்கிறாய். கோட்டு உனக்கு ஒரு சுற்றுப் பெரிது, யாரிடம் இரவல் வாங்கினாயோ. காந்திமதி அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். பார்க்க அப்பா இல்லையே என்று அழுதேன். பிறகு உன் கடிதத்தைப் படித்து வேறு காரணத்துக்காக அழுதேன்.

அங்கே என்னதான் வேலை என்று அப்பா கேட்டபோதெல்லாம் விளக்காமல் விட்டுவிட்டாயாம், அம்மாவுக்காவது புரியட்டும் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில், குழாய் அடைத்தால் சிலருக்கு இடது தோளும் கையும்தான் வலிக்கும், உடம்பு சில்லென்று வியர்க்கும், நம் ஊரில் அதைச் சுளுக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்று இருந்தது. காந்திமதிக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள் அங்கே நிறுத்தி, கண் எரிகிறது என்று மடித்து வைத்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அப்பா தூக்கத்தில் போனார் என்று நான் எழுதியது பொய்.

நான் கால் முன்னால் வரப் பிறந்தவள், என் காலால் நீவினால் சுளுக்கு விடும் என்று தண்டலத்திலிருந்துகூட ஆள் வருவது உனக்குத் தெரியும். அன்று காலை, காந்திமதி வீட்டில் இல்லாத நேரம், அப்பா விதை மூட்டையை இறக்கிவிட்டு வந்து, இடது தோள் பிடித்துக்கொண்டது என்றார். தாலி கட்டியவர் மேல் கால் வைப்பதாவது என்று நான் மாட்டேன் என்றேன். "இன்னாடி செங்கமலம், ஊர்ல கீறவனுக்கெல்லாம் மிதிக்கிறே, எனக்கு மட்டும் மாட்டியா" என்று சிரித்தார். குப்புறப் படுக்க வைத்து, நல்லெண்ணெய் தடவி, குதிகாலால் மூன்று தரம் நீவினேன். முதுகு முழுக்க ஈரம், சில்லென்று இருந்தது. வெயிலில் மூட்டை தூக்கிய வியர்வை என்று முந்தானையால் துடைத்தேன். அப்போது ஸ்ரீபெரும்புதூர் போகும் ஒன்பதரை பஸ் நம் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அது எனக்கு நன்றாகக் கேட்டது. "இப்ப தேவல" என்றார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தரைக்கு மறுபடியும் வலிக்கிறது என்றார். இரண்டாவது தரம் கால் வைத்து நீவிக்கொண்டிருக்கும்போதே முதுகு அசைவது நின்றுவிட்டது, மாசிலாமணி. நான் அதுகூடத் தெரியாமல் இன்னொரு தரம் நீவினேன்.

புருஷன் மேல் கால் வைத்த பாவம் என்றுதான் இத்தனை நாள் தனியாக அழுதேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பாவம் பெரிதாகத் தெரியவில்லை, அந்த ஒரு மணி நேரம்தான் கண் முன்னால் நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கொத்தனார் சூசைராஜ் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். கூடவே அவன் பெண்சாதி அந்தோணிமேரி, கையில் எண்ணெய்க் கிண்ணம். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அதே சில்லிப்பு. இது சுளுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன். "ஒரு வாட்டி நீவி வுடும்மா, செரியாப் பூடும்" என்று அவள் கெஞ்சினாள். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் செங்கல் லாரியை மறித்து ஏற்றி அனுப்பினேன். இதயத்தில்தான் அடைப்பாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மெட்ராசுக்குக் கொண்டுபோய், இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறானாம். நேற்று அந்தோணிமேரி வந்து என் காலில் விழுந்தாள். அவள் கை பட்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். இனி யாருக்கும் நீவப்போவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்பதரை பஸ்ஸில் ஏற்றியிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? உங்கள் பெரியவர்களைக் கேட்டாவது எழுது. அம்மா மேல் தப்பில்லை என்று மட்டும் எழுதாதே. அப்படிச் சமாதானம் சொல்ல இங்கே ஊரே இருக்கிறது, அந்த நோயின் உண்மை தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள். ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறாயே, உன் ரத்தத்தையும் ஒரு நாள் அங்கே கொடுத்துப் பார். அவர் பிள்ளைதானே நீ. அப்பாவுக்குக் கொடுத்து வைக்காத வயதையும் சேர்த்து நீ நன்றாக வாழ வேண்டும். தோள் லேசாக வலித்தாலும் அம்மா காலை நினைத்துக்கொள், உடனே கிளம்பிவிடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும் அம்மா,
கோ. செங்கமலம்