அழித்த மெசேஜ்கள்

என்னங்க,

மெசேஜை நீங்கள் திறப்பதே இல்லை, அதனால்தான் கடிதம்.

நான் அங்கே உங்களிடம் வருவதற்காக இன்று விசா ஆபீஸுக்குப் போய்வந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா, "கல்யாண சர்டிபிகேட் சரி. ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுக்கு ஆதாரம்?" என்றார். போனை நீட்டினேன். மருந்து வாங்கியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான் இருந்தது. "என்னம்மா, புருஷன் பொண்டாட்டி பேசுற மாதிரி ஒண்ணுகூடக் காணோமே?" என்று சிரித்தார்.

உங்கள் தங்கையும் நானும் ஒரே போனைத்தானே வைத்திருந்தோம்? அவள் பார்த்துவிடுவாளே என்று வெட்கப்பட்டு, நீங்கள் ஆசையாக அனுப்பியதையெல்லாம் படித்த கையோடு அழித்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மாதமாக அழிக்கவும் ஒன்றும் வருவதில்லை. வேலை அதிகம் என்றீர்கள், சரி என்றேன். போன வாரம் நான் கூப்பிட்டபோது உங்கள் போனை யாரோ எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்தார்கள். அதையும் நான் கேட்கவில்லை.

மாதக் கடைசிக்குள் ஆதாரம் கொடுக்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம். பழைய மெசேஜ்கள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். நீங்களும் அழித்திருந்தால் புதிதாக எழுதுங்கள், விசாவுக்காகவாவது. வார்த்தை வரவில்லையென்றால் கூப்பிடுங்கள். எனக்கு எல்லாம் மனப்பாடம், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சர்டிபிகேட்டில் இருக்கிறபடி, உங்கள் மனைவி