அம்மை போட்ட வீடு

புளத்கொகுபிட்டிய, 12 ஜனவரி 1995

கொழும்பிலிருந்து படங்கள் வந்துவிட்டன. ஜோசப் வாஸ் அடிகளார், கையில் சிலுவை, மெலிந்த முகம். இருபத்தோராம் தேதி காலிமுகத்திடலில் பாப்பரசர் இவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுக்கிறார். இங்கிருந்து பஸ் பேசியதே நான்தான். முன் சீட் எனக்கும் மனைவி செசிலியாவுக்கும். படத்தோடு கதையும் சொல்லித்தான் விற்கிறேன். கோவாவிலிருந்து கூலியாள் வேஷத்தில் வந்தார், கண்டி ராஜா ஒற்றன் என்று அடைத்துவைத்தார், பிறகு பெரியம்மை வந்து ஊரே ஓடியபோது நோயாளிகளைத் தேடிப் போனார். கதை சொன்னால் படம் கடையில் தங்குவதில்லை.

15 ஜனவரி

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து சீனி வாங்க வந்த மருதாயி சொன்னாள்: "முதலாளி, ஒங்க தம்பிக்கு அம்மை போட்டிருக்குங்க. பொஞ்சாதியும் குவைத்துல. நான் வாசல்ல கஞ்சி வச்சிட்டு வந்துர்றேன். உள்ள போக முடியுங்களா?"

யோகராஜ். செசிலியாவைக் கட்ட நான் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து என் வாசலை மிதிக்காதவன்.

கிடக்கட்டும்.

16 ஜனவரி

அடிகளார் இறந்த நாள். பூசையில் சாமியார் அதே அம்மைக் கதையைச் சொன்னார். எனக்கென்றே சொல்கிறாரோ?

17 ஜனவரி

இந்த மழை ஊரில் வேம்பு ஏது? குருநாகல் லொறிக்காரனிடம் சொல்லி ஒரு கட்டு வேப்பிலை எடுத்தேன். தம்பியின் லயத்துக்குக் கொண்டுபோக ஆள் கேட்டால் — ஒருத்தரும் இல்லை. "நீங்களே போங்களேன் முதலாளி," என்று சிரிக்கிறார்கள்.

18 ஜனவரி

வேப்பிலை கடையில் வாடுகிறது. "ஒங்களுக்கு இன்னும் அம்மையே போடல. போனா ஒட்டிக்கும்," என்கிறாள் செசிலியா. நியாயம்தான். ஒட்டினால் கடை மூட வேண்டும். போனேன் என்று தெரிந்தாலே பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எல்லாம் நியாயம். அப்புறம் ஏன் மனசு இப்படி அடிச்சிக்குது? இன்று ஒருவர் படம் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், கதை சொல்ல வாய் வரவில்லை.

19 ஜனவரி

போனேன்.

சாக்கில் கிடந்தான். கண்ணிமையில்கூட முத்து.

"யாரு?"

"நான்தான்டா."

"பிலிப் முதலாளியா! பொணம் விழ முந்தியே வந்துட்டீங்களே."

"பேசாம படுடா."

இலையை விரித்து அதன்மேல் படுக்க வைத்தேன். தண்ணீர் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, "போயிறாத அண்ணே," என்றான்.

நீ மட்டும் பஸ்ஸில் போ என்று செசிலியாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

21 ஜனவரி

பக்கத்து வீட்டு ரேடியோவில் காலிமுகத்திடல் பூசை.

"யாருண்ணே அந்தாளு?"

சொன்னேன்.

"அம்மை வீட்டுக்குள்ளயா போனாரு? ஒட்டலையா?"

"ஒட்டலையாம்."

"ஒனக்கு ஒட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்குச் சிரித்தால் வலிக்கிறது.

29 ஜனவரி

தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. "வீட்டுக்கு வாடா," என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான் போல.

4 பெப்ரவரி

காய்ச்சல். முதுகில் முத்து. கடை மூடியாச்சு. செசிலியாவுக்குச் சின்ன வயதிலேயே போட்டிருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

6 பெப்ரவரி

வாசலில் பேச்சுச் சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தால் யோகராஜ்! கையில் பச்சை வேப்பிலை. லொறிக்காரனிடம் அவனே சொல்லி எடுத்தானாம். நிலைக்கு மேலே ஆணியில் அடிகளார் படம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கழற்றவில்லை. அதே ஆணியில் வேப்பிலையைக் கட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"நவுந்து படு அண்ணே. இலை விரிக்கணும்."